பஸ்ஸுக்குப் பின்னால் வந்த வேன்

எங்கள் வேனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் என் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வயிறு எரிந்தாலும் உட்கார்ந்து முழுக்கச் சொல்லித் தீர்க்கிறவள் நான். கேட்கிறவர்களுக்குப் பொறுமை இல்லாவிட்டால் அவர்கள் எழுந்து போகட்டும்.

எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம் அது கேரளா எல்லைக்குள் இருக்கிற எங்கள் மீனாட்சிபுரத்துக்கு வந்தது. பொள்ளாச்சியில் ஒரு பேக்கரிக்காரர் ரொட்டி ஏற்றி ஓட்டின பழைய வண்டி. சின்னதாக, சதுரமாக, மூக்கே இல்லாமல் இருக்கும். ஊரில் அதற்கு 'ரொட்டிப் பெட்டி' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். என் அப்பன் எனக்குச் சீராகக் கொடுத்திருந்த மேட்டாங்காட்டை விற்றுத்தான் அதை வாங்கினோம். மண்ணை விற்றுத் தகரத்தை வாங்கினவன் என்று என் அண்ணன்மார் ஆறு மாசம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த வண்டி உழைத்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிற இட்டேரி, இரண்டு பக்கமும் கள்ளிவேலி நெருக்குகிற ஒற்றைப் பாதை. லாரி உள்ளே நுழையாது. மாட்டுவண்டி நுழையும், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் போய்ச் சேர்வதற்குள் பால் திரிந்துவிடும். எங்கள் ரொட்டிப் பெட்டி இட்டேரிக்குள் போய், கிணற்று மேட்டில் திரும்பி, பால் கேன்களை ஏற்றிக்கொண்டு வெயில் ஏறுவதற்குள் சித்தூர்ப் பால் சங்கத்தில் நிற்கும். திரும்பும்போது பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வரும். மதியத்துக்கு மேல் பொள்ளாச்சிச் சந்தைக்குத் தக்காளி. முகூர்த்த நாளென்றால் கல்யாணச் சீர். பீரோவும் கட்டிலும் பித்தளை அண்டாவுமாக எத்தனை பெண்பிள்ளைகள் அந்த வண்டிக்குப் பின்னால் புருஷன் வீடு போனார்கள் என்று எனக்கே நினைவில்லை.

எனக்குத் தலைவலி என்றால் என் வீட்டுக்காரர் 'செத்த நேரம் படுத்துக்க' என்பதோடு சரி. வண்டியின் சத்தம் கொஞ்சம் மாறினால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாதி வண்டியைக் கழற்றிப் பழைய சாக்கின் மேல் பரப்பி வைத்துவிட்டு, மறுபடி பூட்டுவார். ஆசை, வேறென்ன. எங்கள் மகள் கமலாத்தாள் இரண்டு சீட்டுக்கும் நடுவே இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு அப்பனோடு பால் எடுக்கப் போவாள். அஞ்சு வயசு. எந்த வீட்டில் எந்த எருமை கறக்கிறது, எது வற்றிவிட்டது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் வண்டி வாங்குவதற்கு முன்னால் இந்தப் பால் எல்லாம் பக்கத்து ஊர் எருத்தேன்பதிக் குப்பண்ணனின் மூன்று சக்கர டெம்போவில் போய்க்கொண்டிருந்தது. அவர் கதையைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. சொந்தத்தில் யாரோ பாலக்காட்டில் செத்துப்போக, குப்பண்ணன் தன் டெம்போவிலேயே பிணத்தைக் கொண்டுவந்தார். மறுநாள் காலை பெண்கள் யாரும் அவர் கேனில் பால் ஊற்றவில்லை. பிணம் போன வண்டியில் பாலை ஊற்ற மாட்டோம் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். வண்டியைக் கழுவினார், சாம்பிராணி போட்டார், எலுமிச்சம்பழம் நசுக்கினார். ஒன்றும் எடுபடவில்லை. வந்த விலைக்கு டெம்போவைத் தள்ளிவிட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்.

அது என் வீட்டுக்காரர் மனசில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. பாடை கட்ட மூங்கில் ஏற்றிவரச் சொல்லி யாராவது கேட்டால்கூட பிரேக் பிடிக்கவில்லை என்று பொய் சொல்லுவார். விற்ற காடு திரும்ப வராது. வண்டியும் போனால் மூன்று பேரும் கூலிக்குத்தான் போக வேண்டும். அது எனக்கும் தெரியும்.

அடுத்த ஐப்பசியில் கமலாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மிளகுக் கஷாயம் கொடுத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் கண் மேலே செருகிக் கைகால் இழுத்துக்கொண்டது. அவளை வேனில் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடினோம். அவர் அன்றைக்கு ஓட்டினது போல ஒரு நாளும் ஓட்டினதில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். டாக்டரம்மா நல்ல மனுஷி, பக்கத்திலேயே நின்று பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுநாள் காலை என் பிள்ளை போய்விட்டாள்.

துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தோம். வேப்பமரத்தடியில் எங்கள் வண்டி நிற்கிறது. நான் நேராக அதை நோக்கி நடந்தேன். அவர் நடக்கவில்லை.

"ஏனுங்க, வண்டி அங்க நிக்குதுங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "வண்டில வேண்டாம் மருதா" என்றார். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. "நாளைக்கு ஒருத்தரும் பால் ஊத்த மாட்டாங்க புள்ள. குப்பண்ணங் கதிதான் நமக்கும். நீ பஸ்ஸுல மடில போட்டுட்டு வந்துரு. தூங்கறாப்பலயேதான் இருக்கறா. நான் பின்னாலயே வர்றேன்."

வாசலில் நின்ற டாக்சிக்காரர்களிடம் போய்க் கேட்டார். ஒருவன் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினான். இன்னொருவன் சொன்ன வாடகைக்கு நாங்கள் எங்கே போவோம்? வண்டியை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வரலாம் என்றால், மறுநாள் ஊர்ப்பால் முழுக்கக் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் யோசித்துத்தான் பேசினார் மனுஷன். பெற்ற பிள்ளை செத்து அரை நாள் ஆகவில்லை, எப்படித்தான் யோசிக்க முடிந்ததோ. பிற்பாடு இதை வைத்து அவரை நான் பேசாத பேச்சில்லை. அந்த நேரத்தில் எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தை என் நெஞ்சோடு சேர்த்து முந்தானையால் மூடிக்கொண்டேன். அழக்கூடாது. அழுதால் கண்டக்டருக்குத் தெரிந்துபோகும், நடுரோட்டில் இறக்கிவிடுவான். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

கண்டக்டர் வந்தான். குனிந்து பிள்ளையின் கால் நீளத்தைப் பார்த்தான். மூன்று வயசு தாண்டின பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும் என்றான். சுருக்குப் பையை ஒரு கையால் அவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். என் மகள் செத்த பிறகு அவளுக்கு நான் டிக்கெட் எடுத்தேன். எந்தத் தாய்க்கும் அந்த நிலை வரக்கூடாது.

பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்தாள். பிள்ளைக்கு என்ன என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன். தூங்கட்டும், எழுப்பாதீர்கள் என்றாள். வெளியே தெரிந்த கால் வெயிலில் இருக்கிறதே என்று இழுத்துவிடப் போனவள், தொட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டாள். பிறகு, "பாதம் சில்லுனு இருக்குதும்மா, மூடி விடலாம்" என்று சொல்லித் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு காலையும் சுற்றினாள். கிணத்துக்கடவில் இறங்கும்போது துண்டைக் கேட்கவில்லை. நான் கொடுக்கப் போனதற்கும் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, என் தலையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

திரும்பிப் பார்த்தால் பின் கண்ணாடியில் எங்கள் வேன் தெரிந்தது. பஸ் நின்ற இடத்திலெல்லாம் அதுவும் நின்றது. பஸ் கிளம்பினால் கிளம்பியது. முன்னால் போகச் சொல்லி யாரோ ஹாரன் அடித்தும் அவர் போகவில்லை. முழு வண்டியையும் காலியாக ஓட்டிக்கொண்டு வருகிறார், என் பிள்ளைக்கு அதில் இடமில்லை. அதை நினைக்க நினைக்க அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு இருக்கிறதே, அதே நேரம் அந்த வண்டி கொஞ்சம் பின்தங்கினாலும் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன்.

பொள்ளாச்சியில் பஸ் மாற வேண்டும். அவர் வேனை ரோட்டோரம் விட்டுவிட்டு ஓடிவந்தார். கையை நீட்டினார். கொடுத்தேன். தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரியே தோளில் சாய்த்து, முதுகைத் தட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டின் ஓரமாக நடந்தார். அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். மீனாட்சிபுரம் பஸ் வந்ததும் திருப்பிக் கொடுத்தார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

கேரளா எல்லை செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிற காலம் அது. பெண்கள் அரிசியைத் துணியில் பிள்ளை மாதிரி சுற்றி மடியில் வைத்துக் கொண்டுபோவார்கள். அதனால் போலீஸ்காரர் ஒருவர் ஏறி மூட்டைகளை மட்டுமில்லாமல் மடிகளையும் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து, "இதெந்தா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"கொழந்தைங்க. பனிங்க" என்றேன். காய்ச்சலுக்கு அவர் பாஷையில் பனி.

நம்பவில்லை. முந்தானையை ஒரு விரலால் விலக்கினார். கன்னத்தைத் தொட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கத்தினால் கத்தட்டும், இறக்கினால் இறக்கட்டும், இங்கிருந்து நடந்தே போய்விடலாம் என்றுகூட இருந்தது. அவர் முந்தானையை இருந்தபடியே மூடினார். மீதி மடிகளைப் பார்க்காமல் கீழே இறங்கி, பஸ்ஸைப் போகச் சொன்னார். பின்னால் எங்கள் வேனின் கதவைத் திறந்து இன்னொருவர் காலிக் கேன்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஊர் நிறுத்தத்தில் இறங்கினதும்தான் வாய்விட்டு அழுதேன். அதற்குப் பிறகு யார் பிள்ளையை வாங்கினார்கள், யார் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள் என்று தெரியாது. சாயங்காலம் இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை அவர் எழுந்து பால் எடுக்கப் போனார். பெண்கள் ஊற்றினார்கள். வண்டி தப்பித்தது.

மூன்றாம் நாள் பெரியம்மாள் சோறு கொண்டுவந்தாள். அவள் பேர்தான் பெரியம்மாள், என் வீட்டுக்காரருக்கு அத்தை முறை, எங்கள் வீடுகள் சேர்ந்த வளவில் அதிக எருமை வைத்திருந்தவள், பால் ஊற்றுகிற பெண்களெல்லாம் அவள் வாயைப் பார்த்துத்தான் நடப்பார்கள். எனக்குப் பிசைந்து ஊட்டிக்கொண்டே, வண்டி இருக்கும்போது எதற்காகப் பஸ்ஸில் வந்தீர்கள், ரிப்பேரா என்று கேட்டாள். அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குப்பண்ணன் கதி வந்துவிடும் என்றுதான் என்று இழுத்தார்.

பெரியம்மாளின் கை சோற்றோடு நின்றது.

"அட சாமீ. பொணத்துக்கோசரமா அவனுக்குப் பால் ஊத்தாம உட்டோம்? அவன் வழியில கேனத் தொறந்து தண்ணி ஊத்துனானப்பா. சங்கத்துல எங்க அத்தன பேருக்கும் கெட்ட பேரு. என்ன இருந்தாலும் பங்காளி. மூஞ்சியப் பாத்து நீ திருடன்னு சொல்ல முடியுமா? எப்படா நிறுத்தறதுன்னு இருந்தோம், பொணம் வந்துச்சு, அதைச் சொல்லி ஒதுங்கிட்டோம்."

அவர் சுவரைவிட்டு நிமிர்ந்தார். "எங்கிட்ட ஒருத்தராச்சும் சொல்லியிருக்கக் கூடாதுங்களா அத்தை?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்றது? நீ தண்ணி ஊத்தறவன் இல்லியே" என்றாள் பெரியம்மாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். "பச்சப் புள்ளைய, நம்ம வண்டில கொண்டாந்தா ஆரு என்ன சொல்லப்போறாங்க."

அவர் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போனார். எருமை மிரண்டு கயிற்றை இழுக்கிற அளவுக்குக் கத்தி அழுதார். அந்த ஒரு பேச்சில் மனுஷன் ஒடிந்துவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழற்றுவது நின்றுபோனது. பால் எடுத்துப் போனார், வந்தார், அவ்வளவுதான்.

நான் நம்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பெரிய மனசு காட்டுவதற்கு என்ன செலவு? வேனில் கொண்டுவந்திருந்தால் அப்போது தெரிந்திருக்கும் இவர்கள் லட்சணம். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் போயிருப்பார்கள். இதை நான் அவரிடம் சொன்னேன், திரும்பத் திரும்பச் சொன்னேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்காக எல்லாம் இரங்குகிற நிலையில் நான் இல்லை. ஊர் மறுத்திருக்கும் என்றால் நான் அந்தப் பஸ்ஸில் வந்தது வேறு வழியில்லாமல் வந்தது. ஊர் மறுத்திருக்காது என்றால், என் பிள்ளையை அரிசி மூட்டை மாதிரி ஒளித்துக்கொண்டு வந்தேனே, அது எதற்காக? அந்தக் கேள்வியோடு என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதனால் ஊர் மறுத்திருக்கும் என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் பெரியம்மாளின் புருஷன் அப்புசாமி பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அவர்கள் மகன் சின்னையன் எங்கள் வாசலில் வந்து நின்றான். அப்பனைக் கொண்டுவர வேன் வேண்டும் என்று கேட்டான். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன் நான்.

அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். இரக்கத்தில் சொன்னதாக நினைத்திருப்பார். எனக்குள் ஓடினது வேறு. போகட்டும், ஊரறியப் பட்டப்பகலில் பிணம் அந்த வண்டியில் வரட்டும், நாளைக்கு எவள் பால் ஊற்றுகிறாள் என்று நானும் பார்க்கிறேன் என்று இருந்தேன். பிழைப்பு போனாலும் போகட்டும் என்றே இருந்தேன். நடுமத்தியானம் வண்டி வந்தது. ஊரே கூடி நின்று அப்புசாமியை இறக்கினது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாய்க்காலில் வண்டியை நிறுத்திக் கழுவினார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவரோடு நானும் பால் எடுக்கிற இடத்துக்குப் போனேன். பிள்ளை போன பிறகு ஒரு நாளும் போனதில்லை. கேன்களின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வண்டியோரம் நின்றேன். முதலில் எங்கள் வளவிலிருந்தே ஒருத்தி வந்தாள். பெரியம்மாள் வீட்டுப் பாலையும் சேர்த்துக் கறந்து எடுத்து வந்திருந்தாள். அளந்தாள், ஊற்றினாள். அடுத்தவள் ஊற்றினாள். மழை வருமா என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள். கருமாதி என்றைக்கு என்று பேசிக்கொண்டே ஊற்றினார்கள். ஒருத்தி முகத்திலாவது ஒரு சுளிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தியாவது பின்வாங்கமாட்டாளா என்று மனசுக்குள் சாமியைக் கும்பிட்டேன். பால் ஊற்றாதே, போய்விடு என்று கையைப் பிடித்துக் கெஞ்சலாமா என்றிருந்தது.

கடைசியில் பொன்னாத்தாள் வந்தாள். காக்காய் உட்கார்ந்த குடத்தைக்கூடப் புளி போட்டு விளக்கிவிட்டுத்தான் தொடுகிறவள். பக்கத்தில் வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நானே கேட்டுவிட்டேன்.

"நேத்து இதுலதான் பொணம் வந்துச்சு பொன்னாத்தா. தெரியுமுல்ல?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தெரியாம என்னங்க்கா. அதான் கழுவியாச்சுல்ல. அப்பறம் என்னங்க" என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிச் சாய்த்தாள்.

கேன் நிறைந்தது. மூடியை வாங்கிப் பூட்ட வேண்டிய மனுஷன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான்தான் குனிந்து மூடினேன்.